கர்ணம் போன பிறகு

எங்கள் அலுவலகத்தில் மூன்று மாதமாக ஒரே பேச்சு. ஒப்பந்தங்கள் ஒரு மென்பொருளில் இருக்கின்றன, பில்கள் இன்னொன்றில், வாடிக்கையாளர்கள் அனுப்பும் சான்றுகள் யார் யாருடைய மின்னஞ்சலிலோ கிடக்கின்றன. ஒரே வாடிக்கையாளரின் இந்த மூன்று வகை ஆவணங்களையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அதற்கான மென்பொருளை நாமே எழுதுவதா, விற்பவரிடம் வாங்குவதா? கூட்டத்தில் இதை 'பில்டா, பையா' என்று சுருக்கிவிட்டார்கள். நான் 'பில்ட்' கட்சி. சமைக்கத் தெரிந்தவனுக்கு ஓட்டல் குழம்பில் உப்பு எப்போதும் ஒரு கல் கூடத்தான் தெரியும். எதிர்க்கட்சியினர் எக்செல் தாளோடு வந்தார்கள். எழுதுகிற ஆளின் சம்பளம், அவர் வேலையை விட்டுப் போனால் வரும் சிக்கல், உரிமக் கட்டணம், ஐந்தாண்டுக் கணக்கு. ஒவ்வொரு கூட்டத்திலும் தாளில் இரண்டு வரிசை கூடியது. முடிவு வரவில்லை.

இதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை கலசப்பாக்கத்திலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஏம்பா, தாத்தா நெலத்த பாகம் பிரிச்சிடலாம்னு சித்தப்பா சொல்றான். பத்திரம் எழுதறவருகிட்ட போனோம். பத்திரத்துல ஒரு பேரு இருக்குது, பட்டாவுல வேற பேரு இருக்குது, கம்ப்யூட்டர் ஒத்துக்காதுன்றாரு. நீ கம்ப்யூட்டர்லதான வேலை செய்யிற, ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போ."

போய்ப் பார்த்தேன். 1962-இல் தாத்தா வாங்கிய கிரயப் பத்திரத்தில் முனுசாமி. பட்டாவில் முனிசாமி. ஒரு 'னு', ஒரு 'னி'. அதே நிலம், அதே சர்வே எண், அதே தகப்பன் பெயர். ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே ஆள் என்பார்கள். இரண்டு தாள்களையும் திண்ணையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் அலுவலகக் கூட்டம் நினைவுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர். நாங்கள் மூன்று மாதமாக வாயால் முடிச்சு போட்டுக்கொண்டிருக்கும் கயிற்றைத் தமிழ்நாட்டு அரசு இருநூறு வருடமாகக் கையில் வைத்திருக்கிறது. அதோடு, நாங்கள் எது என்று முடிவெடுக்க முடியாமல் இருந்த இரண்டையுமே அரசு செய்துபார்த்துவிட்டது. ஒரு துறைக்கு மென்பொருளை அரசு அமைப்பே எழுதியது. இன்னொரு துறைக்கு வெளியே ஒரு நிறுவனத்திடம் வாங்கியது.

நகரத்து நண்பர்கள் பலருக்குப் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாது. வீடு வாங்கும்வரை எனக்கும் அரைகுறைதான். நிலம் கைமாறும்போது விற்றவரும் வாங்கியவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் பத்திரம். அதைப் பதிவு செய்வது பதிவுத்துறை. அந்த நிலத்துக்கு யார் தீர்வை கட்ட வேண்டும் என்று அரசு வைத்திருக்கும் கணக்கின் நகல் பட்டா. அது வருவாய்த்துறை. இரண்டு துறைகள், இரண்டு கட்டடங்கள், இரண்டு சட்டங்கள். இரண்டையும் சேர்க்கிற தையல் இரண்டே இரண்டு: சர்வே எண்ணும் ஆளின் பெயரும்.

*

இரண்டும் பிறந்த விதம் வேறு. பட்டா மூத்தது. கலசப்பாக்கம் திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் நடுவில் செய்யாற்றங்கரையில் இருக்கிறது. மேற்கே ஜவ்வாது மலை. செய்யாறு அங்கேதான் பிறக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் திருப்பத்தூர், பழைய பாராமகால் சீமை. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் அங்கே ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் பயிரிடுபவனோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் முறையைச் செய்துபார்த்தார்கள். ரயத்துவாரி என்று பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு மறந்துபோவது இதைத்தான். மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஆற்காட்டு நவாபின் சீமை. 1801-இல் அதுவும் கும்பினிக்குப் போனது. பின்னால் அந்த முறை இங்கேயும் வந்தது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர். முதலில் பைமாஷ் எண். 1858-க்குப் பிறகு சங்கிலி பிடித்து அளந்த சர்வே எண். பழைய பத்திரங்களில் பைமாஷ் எண் மட்டும் இருக்கும். அது எந்த சர்வே எண்ணுக்குப் பொருந்தும் என்று சொல்ல ஒரு பொருத்தக் கணக்கு வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு 'மேப்பிங் டேபிள்' என்று பெயர் வைத்துத் தனியாகக் காசு கேட்கிறோம்.

பத்திரப் பதிவு 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வருகிறது. இன்றும் நடப்பில் இருப்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் சட்டத்தை மென்பொருள் எழுதுகிறவன் கண்ணோடு படித்தால் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கிறது. 51-ஆம் பிரிவு எந்தெந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கு 1-ஆம் புத்தகம். 55-ஆம் பிரிவு அட்டவணைகளைச் சொல்கிறது. முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வாரி, இரண்டாவது சொத்துவாரி. வில்லங்கச் சான்று கேட்டால் பழைய காலத்தில் எழுத்தர் புரட்டியது இவற்றைத்தான். ஒரு சொத்தின் ஒரு துண்டு வேறு சார்பதிவாளர் எல்லைக்குள் இருந்தால், பதிந்தவர் அந்த அலுவலகத்துக்கு ஒரு குறிப்பாணை அனுப்ப வேண்டும், பெற்றவர் அதைத் தன் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது 64-ஆம் பிரிவு. தபாலில் போகும் குறிப்பாணைதான், ஆனால் இரண்டு தரவுத்தளங்களை ஒத்திசைக்கும் செய்தி அது. 1908-இல் யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் குறிப்பாணை ஒரு சார்பதிவாளரிடமிருந்து இன்னொரு சார்பதிவாளருக்குத்தான் போகும். இரண்டு துறைகளில் எதன் தாள் சரி, எது எதற்கு வழிவிட வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அப்போதே வேறொரு நாட்டில் கேட்டிருந்தார்கள். சென்னை மாகாணத்தில் சர்வே தொடங்கிய அதே 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அங்கே பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அரசு அதற்குப் பொறுப்பு. பதிவேடு ஒன்றே ஒன்று, இணைக்க இரண்டாவது தாளே கிடையாது. இங்கே நாம் அந்த வழியில் போகவில்லை. பதிவு, ஒரு பரிமாற்றம் நடந்தது என்பதற்குச் சான்று. பட்டா, தீர்வைக் கணக்கு. இரண்டுமே உரிமைக்கு முழு உத்தரவாதம் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

அப்படியானால் நூற்று இருபது வருடம் இது எப்படி ஓடியது? நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கர்ணம்.

*

1802-லேயே கர்ணத்தின் வேலைக்கென்று சென்னை மாகாணத்தில் தனி ஒழுங்குவிதி போட்டார்கள். அதற்கு முன்பும் ஊர்க் கணக்கு அவர் வீட்டு ஓலையில்தான் இருந்தது. அடங்கல், சிட்டா, அ-பதிவேடு எல்லாம் அவர் கையெழுத்து. பல ஊர்களில் பத்திரம் எழுதிக்கொடுப்பதும் அவரேதான், இல்லாவிட்டால் அவர் வீட்டு ஆள். ஆக, யார் யாருக்கு விற்றான் என்ற செய்தி சார்பதிவாளரிடமிருந்து தாலுகா ஆபீசு வழியாக ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவருக்குத் தெரியும். முனுசாமியும் முனிசாமியும் ஒரே ஆள்தான் என்று அவருக்குத் தெரியும். இரண்டு முனிசாமிகள் இருந்தால் யார் ஏரிக்கரை முனிசாமி, யார் மேலத்தெரு முனிசாமி என்றும் தெரியும்.

அப்பாவைக் கேட்டேன், கர்ணம் காலம் நல்லதா என்று. அப்பா சிரித்தார்.

"அவருக்கு எந்தத் துண்டு யாருதுன்னு கண்ண மூடிக்கினு சொல்லத் தெரியும்பா. அதான் தொந்தரவே."

தொந்தரவு எதுவென்று அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. பதவி வாரிசு வழி வந்தது. கணக்கு அவர் வீட்டில் இருந்தது. அவர் எழுதாமல் விட்டால் நிலத்தில் உழுதுகொண்டிருப்பவன் காகிதத்தில் இல்லை. ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள் அந்தத் திண்ணையில் ஏறி நியாயம் கேட்க முடியாது. கர்ணத்தை நினைத்து ஏங்குகிறவர்களைப் பார்த்தால், அவர்கள் தாத்தா திண்ணைக்கு மேலே உட்கார்ந்திருந்தவர் என்று நான் முடிவுகட்டிக்கொள்வேன்.

1980 நவம்பர் 14. எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கர்ணமும் முன்சீப்பும் ஒரே நாளில் பழங்கதை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது, 1982-இல் அரசின் முடிவு சரி என்று தீர்ப்பு வந்தது. அந்த இடத்துக்கு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தேர்வாணையம் வழியாக, எந்தச் சாதியிலிருந்தும், பெண்களும். தமிழ்நாட்டு நிர்வாக வரலாற்றில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்னும் யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் கணக்குகளைக் கையளிக்கச் சொல்லலாம், தலைக்குள் இருக்கும் பொருத்தப் பட்டியலைக் கையளிக்கச் சொல்ல முடியாது. எங்கள் துறையில் பழைய ஆள் வேலையை விட்டுப் போகும்போது நடப்பதுதான் ஊருக்கு ஊர் நடந்தது. புதிதாக வந்த வி.ஏ.ஓ. வெளியூர்க்காரர், சில வருடத்தில் மாற்றலாகிப் போவார். அவருக்கு முனிசாமி ஒரு பெயர், அவ்வளவுதான்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நிலப் பதிவேடுகளை நாளது தேதிவரை சரிசெய்வதற்கான திட்டம், சுருக்கமாக யு.டி.ஆர். 1979 ஜூன் 1-இல் தொடங்கி 1987 ஏப்ரல் 30-இல் முடிந்தது. நோக்கம் நியாயமானது. எத்தனையோ வருடமாக மாற்றாமல் கிடந்த பெயர்களை நேரில் விசாரித்து, இப்போது அனுபவத்தில் இருப்பவர் பெயருக்கு மாற்றுவது, உட்பிரிவுகளை அளந்து எண் போடுவது. நடுவில் 1983-இல் பட்டா பாஸ்புத்தகச் சட்டமும் வந்தது. ஊர் ஊராக ஆட்கள் போய் எழுதினார்கள். தவறுகளும் சேர்ந்தே நுழைந்தன. அண்ணன் பெயர் மட்டும் ஏறித் தம்பி பெயர் விட்டுப்போனது, கூட்டுப் பட்டாவில் பக்கத்து நிலத்துக்காரர் சேர்ந்துகொண்டது, விஸ்தீரணம் குறைந்தது. இன்றும் தாலுகா ஆபீசில் 'யு.டி.ஆர். தப்பு' என்று ஒரு வகையான மனுவே இருக்கிறது. எடுபிடி வேலை செய்கிற பையன்கூட அந்த மூன்று எழுத்தைச் சொல்வான், விரித்துச் சொல்லத் தெரியாது.

*

கணினி இந்தக் கட்டத்தில் வருகிறது. மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம், என்.ஐ.சி., 1976-இல் தொடங்கியது. வருவாய்த்துறைக்கு 'தமிழ் நிலம்' மென்பொருளை எழுதியது அதுதான். அது 'பில்ட்'தானா என்று எனக்குள் ஒரு விவாதம் உண்டு. மாநில அரசின் பார்வையில் என்.ஐ.சி. டெல்லியில் வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. கூலி பேசிக் கூப்பிட்ட ஆள் இல்லை, அதனால் அவசரப்படுத்தவும் முடியாது. ஆனாலும் எழுதியவர்கள் அரசுக்குள்ளேயே இருக்கிறார்கள், வருவாய்த்துறையின் விதிகள் தெரிந்தவர்கள், சட்டம் மாறினால் திருத்துவார்கள். அதை 'பில்ட்' என்றே வைத்துக்கொள்வோம்.

பதிவுத்துறை வேறு வழியில் போனது. 'ஸ்டார்' என்ற பெயரில் முதலில் அலுவலக அளவில் கணினிமயம். பிறகு 2018 பிப்ரவரியில் டி.சி.எஸ். நிறுவனம் உருவாக்கிய 'ஸ்டார் 2.0'. மாநிலத்தின் எல்லாச் சார்பதிவாளர் அலுவலகங்களும் ஒரே இணையதளத்தில் சேர்ந்தன. வீட்டிலிருந்தே பத்திர விவரங்களை உள்ளிடலாம், நேரம் குறித்துக்கொள்ளலாம். 1975-இலிருந்து வில்லங்கம் பார்க்கலாம். தாத்தாவின் 1962 அதற்கு வெளியே இருக்கிறது. அதற்கு மனுப் போட்டுப் பழைய புத்தகத்தைப் புரட்டச் சொல்ல வேண்டும்.

இரண்டுக்கும் முன்னால் இன்னொரு கொள்முதல் நடந்திருந்தது. அதை யாரும் 'பில்டா, பையா' என்ற கேள்வியாகப் பார்த்ததே இல்லை. தமிழ் எழுத்து. தொண்ணூறுகளில் கணினியில் தமிழ் அடிக்க வேண்டும் என்றால் எழுத்துரு விற்கும் நிறுவனத்திடம் மென்பொருள் வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு குறிமுறை. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் கொக்கிகளும் ஆங்கில எழுத்துகளும் ஓடும். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடியது. டாம், டாப் என்ற குறிமுறைகளும், நம்மில் பலர் இன்றும் அடிக்கும் தமிழ்99 விசைப்பலகையும் அங்கே பிறந்தவை. யூனிக்கோடில் தமிழ் 1991-இலேயே இருந்தது. தமிழ்நாட்டு அரசு யூனிக்கோடையும் டேஸ்-16 குறிமுறையையும் ஆணையாக ஏற்றது 2010-இல். அதற்குப் பிறகும் வானவில் எழுத்துருவில் அடித்த அரசுக் கடிதங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்த எழுத்துருவும் தன்னளவில் தவறு செய்யவில்லை. தாளில் அச்சடிக்க வாங்கினார்கள், அழகாக அச்சடித்தது. இன்னொரு துறையின் கணினி அதைப் படிக்க வேண்டியிருக்கும் என்பது வாங்கும்போது யாருடைய பட்டியலிலும் இல்லை.

தாத்தாவின் 'னு' இப்படி ஏதோ ஒரு மாற்றத்தில்தான் 'னி' ஆகியிருக்கும் என்று அப்பாவிடம் ஆர்வமாக விளக்க ஆரம்பித்தேன். அப்பா உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எண்பதுகளில் கொடுத்த பாஸ்புத்தகத்தை எடுத்துவந்தார். நீல மசியில் கையெழுத்து. முனிசாமி. கணினி ஒரு பாவமும் அறியாது. கொடுத்ததை அப்படியே பத்திரமாக வைத்திருந்தது.

*

ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1937-இல் ஒரு கட்டுரையில் எளிமையான கேள்வி கேட்டார். சந்தையில் எல்லாம் விலைக்குக் கிடைக்கும் என்றால் நிறுவனங்கள் எதற்காக இருக்கின்றன? வாங்குவதற்கே ஒரு செலவு இருக்கிறது என்பது அவர் பதில். ஆள் தேடி, பேரம் பேசி, ஒப்பந்தம் எழுத வேண்டும். அந்தச் செலவு அதிகமாகும் இடத்தில் வேலையை உள்ளேயே செய்துகொள்கிறோம். எங்கள் எக்செல் தாளின் கொள்ளுத்தாத்தா இந்தக் கட்டுரை. நிறுவனங்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் எம்.சி.ஏ.21 தளத்தைப் பாருங்கள். 2006-இல் டி.சி.எஸ். தொடங்கிவைத்தது, 2013-இல் இன்போசிஸ் கைக்குப் போனது, 2021-இல் மூன்றாம் பதிப்பு எல் அண்ட் டி இன்போடெக்கிடம். ஒவ்வொரு முறை கை மாறும்போதும் ஆவணங்களும் இடம் மாற வேண்டும். வாங்குவதில் இருக்கிற செலவு அது. கட்டுவதில் இருக்கிற செலவு, கட்டியவர்களை விட்டால் வேறு ஆளுக்கு அது புரியாது என்பது.

ஆனால் கோஸின் கேள்வி பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தொடுவதில்லை. அரசு கட்டியதும் ஓடுகிறது, வாங்கியதும் ஓடுகிறது. இரண்டையும் கம்பியால் இணைத்தும் விட்டார்கள். இப்போது பத்திரம் பதிவானதும் விவரம் தமிழ் நிலத்துக்குத் தானே போகிறது. விற்றவர் பெயரில் பட்டா இருந்து, முழுப் புலமும் அப்படியே கைமாறினால், உட்பிரிவு தேவையில்லை என்றால், பட்டா தானாக வாங்கியவர் பெயருக்கு மாறுகிறது. நல்ல காரியம். பல பேருக்கு நடையும் கைச்செலவும் மிச்சம்.

உட்பிரிவு தேவை என்றால் கதை வேறு. இரண்டு ஏக்கரில் அரை ஏக்கரை விற்கிறீர்கள். தமிழ்நாட்டில் முதலில் பதிவு முடிந்துவிடும். பிறகு மனு, கட்டணம், சர்வேயர் வரும் நாள், அளவு, புது எண். நடுவில் உள்ள மாதங்களில் அந்த அரை ஏக்கர் பத்திரத்தில் இருக்கிறது, வருவாய்க் கணக்கில் இல்லை. கர்நாடகத்தில் இதைத் திருப்பிப் போட்டார்கள். விவசாய நிலத்தில் ஒரு பகுதியை விற்க வேண்டுமானால் முதலில் சர்வேயர் அளந்து 11-இ என்ற வரைபடம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் பதிவு இல்லை. அங்கே நிலப் பதிவேட்டு மென்பொருள் 'பூமி', என்.ஐ.சி. எழுதியது. பதிவு மென்பொருள் 'காவேரி', சி-டாக் எழுதியது. அங்கும் இரண்டு துறை, இரண்டு மென்பொருள்தான். எந்தத் தாள் எந்தத் தாளுக்குக் காத்திருக்க வேண்டும் என்று மட்டும் சட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். அங்கே சர்வேயருக்காகக் காத்திருந்து விற்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள், அது தனிக் கதை. காத்திருப்பு பதிவுக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் வித்தியாசம்: முன்னால் என்றால் விற்பவன் தலையில், பின்னால் என்றால் வாங்கியவன் தலையில்.

எங்கள் அலுவலகத்தில் மூன்று மாதமாகக் கேட்காத கேள்வி இது என்று எனக்கு அந்தத் திண்ணையில்தான் உறைத்தது. ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் முரண்பட்டால் எது விட்டுக்கொடுக்கும்? விற்பனைத் துறை ஒப்பந்தம் என்னும், கணக்குத் துறை பில் என்னும். எந்த மென்பொருளும் இதற்குப் பதில் சொல்லாது, நான் எழுதினாலும் சரி, ஜெர்மனியிலிருந்து இறக்கினாலும் சரி.

*

இனி மலை. கலசப்பாக்கம் சட்டமன்றத் தொகுதி ஜமுனாமரத்தூர்வரை மேலே ஏறுகிறது. சாமை, தினை, பலா, தேன். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். கீழே நாம் பேசும் இணைப்பெல்லாம் விற்பனை நடந்தால்தான் உயிர் பெறும், பதிவுதான் மணி அடிக்க வேண்டும். மலையில் நிலம் பெரும்பாலும் அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. பதிவு இல்லை, மணியும் இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் கொடுக்கும் உரிமையோ, சட்டத்தின் 4(4) பிரிவுப்படி வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. அதாவது அந்தத் தாள் ஸ்டார் பக்கமே ஒருநாளும் வராது. பத்திரம், பட்டா என்ற இரண்டுக்கும் வெளியே மூன்றாவது தாள்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. உரிமைக்கு என்னென்ன சான்று கொடுக்கலாம் என்ற பட்டியலில், மனு கொடுத்தவர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. மனுவைப் பெறுவது கிராம சபை. கர்ணத்தின் தலைக்குள் மட்டும் இருந்த அறிவை ஊர்ச் சபையில் வெளியே வைத்து, எல்லோர் முன்னாலும் எழுதிக்கொள்கிற ஏற்பாடு அது. 13-ஆம் விதி. கீழே சமவெளியில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் தாத்தாவின் 'னு' விவகாரம் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும். ஊரே வந்து சொல்லியிருக்கும்.

கீழே நடப்பது வேறு திசையில் இழுபடுகிறது. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-அ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். விற்பவர் தனக்கு முன்மூல ஆவணம் இருப்பதைக் காட்டாவிட்டால் சார்பதிவாளர் பதிய மறுக்கலாம் என்றது அது. போலிப் பத்திரங்களைத் தடுக்க. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த 55-அ(i) செல்லாது என்றது. விற்பவனுக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலை இல்லை, 1908 சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை என்பது காரணம். சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் கம்பியின் இந்த முனையில் உரிமையைப் பார்க்கக் கூடாத அதிகாரி, அந்த முனையில் தானாகப் பெயர் மாறும் பட்டா. நடுவில் சரிபார்ப்பது பெயர் பொருந்துகிறதா என்பது மட்டும். அந்தப் பொருத்தம் எங்களைப் போன்றவர்களிடம் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதைத்தான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போலியாக எழுதுகிறவன் எழுத்துப்பிழை செய்ய மாட்டான். பட்டாவைப் பார்த்துத்தானே எழுதுவான்.

திங்கட்கிழமை கூட்டத்தில் நான் கட்சி மாறினேன். வாங்கிக்கொள்வோம் என்றேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் விற்பனைத் துறையும் கணக்குத் துறையும் ஒரு அறையில் உட்கார்ந்து, எந்தத் தாள் எதற்குக் காத்திருக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முரண்பட்டால் வாடிக்கையாளருக்குப் போன் செய்யப்போகிற ஆளின் பெயரும் அதில் இருக்க வேண்டும். மென்பொருள் இரண்டு வாரத்தில் முடிவாகிவிட்டது. அந்த ஒரு பக்கம் இதை எழுதும்வரை வரவில்லை. இரண்டு துறைகளும் வரைவை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

ஊரில் அப்பாவும் சித்தப்பாவும் தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இருவரும் ஒருவரே என்பதற்கான உறுதிமொழி மூன்றையும் சேர்த்துப் பெயர்த் திருத்த மனு கொடுத்திருக்கிறார்கள். 1962 பத்திரத்துக்கு நகல் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் அப்பா கூப்பிட்டார்.

"இறப்புச் சான்றுல என்ன பேரு போட்டிருக்குது தெரியுமா?"

"என்னப்பா?"

"முனியசாமி."